பல்லைப் பிடுங்குமுன் எலும்பைக் கேளுங்கள்

"பல்லுதானே போச்சு டாக்டரம்மா, எலும்பு எப்படிக் கரையும்?"

ஈப்போவில் ஓர் அரசாங்கப் பல் கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்தபடி என் அம்மா கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு வயது 78. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மேல்வரிசைப் பல்செட் பிடித்து நிற்கிறது. கீழ்வரிசைதான் தொல்லை: பேசினால் எழும்புகிறது, மென்றால் வழுக்குகிறது, ஈறில் புண் வைக்கிறது. இருபது ஆண்டுகளில் இது மூன்றாவது செட். செய்தவர்கள் அளவு சரியாக எடுக்கவில்லை என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்த இளம் பல் மருத்துவர் கணினித் திரையில் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். பக்கத்திலேயே பல் உள்ள ஒருவரின் தாடைப் படத்தையும் வைத்தார். அதில் கீழ்த்தாடை இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்திருந்தது. அம்மாவின் படத்தில் பின்பக்கத் தாடை ஒரு விரல்கூடத் தேறவில்லை. "பாட்டி, செட்டுல குறையில்ல. அது உட்கார்றதுக்கு உங்க தாடையில மேடு இல்ல. எலும்பு கரைஞ்சு போச்சு" என்றார் மருத்துவர். அப்போதுதான் அம்மா அப்படிக் கேட்டார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல்லோடு எலும்பும் போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேராக் மாநிலத்தின் பழைய தோட்டங்களிலிருந்து வெளியேறி தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் வயோதிகத்தைக் கழிக்கும் ஒரு தலைமுறைக்கே அது தெரியாமல் போயிற்று. அந்த அறியாமைக்கு அவர்கள் தாடை விலை கொடுத்திருக்கிறது. அடுத்த தலைமுறையும் அதே விலையைக் கொடுக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பிடுங்குவதே வைத்தியமாக இருந்த காலம்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டு. பெரட்டு முடிந்ததும் காடு. மங்குகளில் பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றி முடிக்கும்வரை வயிற்றுக்குக் கறுப்புக் கோப்பியும் ரொட்டியும்தான். பல் வலித்தால் கிராம்பு, கன்னம் வீங்கினால் உப்புத் தண்ணீரும் ஒத்தடமும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போவார்கள். அவரிடம் இருந்த வைத்தியம் குறடு ஒன்றுதான். ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் வலியை முடிக்க வேறு வழியும் கிடையாது. அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டும் 26 வயதில் அப்படிப் போயின. மிச்சம் இருந்தவையும் ஒவ்வொன்றாக ஆட, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஐம்பது வயதுக்குள் வாய் வெறுமையாகிவிட்டது.

டிரெசர்கள் மேல் பழி போட முடியாது. நாட்டில் பல் மருத்துவர்களே அரிதாக இருந்த காலம் அது. இந்த வட்டாரத்தின் பல் மருத்துவப் பள்ளி 1929-ல் சிங்கப்பூரில்தான் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பல் மருத்துவம் சொல்லித்தரத் தொடங்கியது 1972-ல். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கான பயிற்சி பினாங்கில் 1949-லேயே தொடங்கியதால், தோட்டப் பிள்ளைகளுக்குக் காலப்போக்கில் 'பல் மிஸ்ஸி' கிடைத்தார். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு யாரும் கிடைக்கவில்லை.

காலம் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் என்று நகர்ந்துவிட்டார்கள். அரசாங்கக் கிளினிக்கில் சில வெள்ளிக்குள் பல்லுக்கு வைத்தியம் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்தில் படிந்த நினைப்பு கூடவே வந்திருக்கிறது. வலித்தால் பொறுத்துக்கொள், பொறுக்க முடியாவிட்டால் பிடுங்கிவிடு. இன்றும் புந்தோங்கிலோ சிலிம் ரிவரிலோ வயதான ஒருவர் கிளினிக்குக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "இந்தப் பல்லைப் புடுங்கி விட்ருங்க" என்பதுதான்.

கல்லென்று நினைத்தோம்

எலும்பை நாம் கல்லாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு காரணம் படுத்திருக்கிறது. ஈப்போவுக்கு வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில் கிடைத்த 'பேராக் மனிதன்' ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர். தோலும் தசையும் மண்ணாகிப் போக, எலும்புக்கூடு மட்டும் நின்று, அவருடைய இடக்கை பிறவியிலேயே குன்றியிருந்தது என்பதுவரை நமக்குச் சொன்னது. அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பத்தாயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாங்கும் பொருளை உயிருள்ளதென்று யார் நினைப்பார்?

ஆனால் அவர் உயிரோடு நடமாடிய நாளில் அந்த எலும்புகள் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. வளர்ந்த மனித உடலின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகிறது. நாமும் அப்படித்தான். பத்தாண்டுக்கு முன் நம்மைத் தாங்கிய எலும்பில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை.

இதைச் செய்வது இரண்டு வகை உயிரணுக்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் என்பது பழைய எலும்பை அரித்தெடுக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் அந்தக் குழியில் புதிய எலும்பைக் கட்டுகிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். கட்டி, சுண்ணாம்புச் சத்தேற்றி முடிக்கச் சில மாதங்கள் வேண்டும். இடிப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவதற்குக் காலம் பிடிக்கும். வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லும் மேற்பார்வையாளர்களும் எலும்புக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆஸ்டியோசைட் எனப்படும் அணுக்கள் எலும்பின் மேல் விழும் பாரத்தை உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. பாரம் விழும் இடத்தில் எலும்பு உறுதியாகிறது, வேலையில்லாத இடத்தில் மெலிகிறது. ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் இந்த விதியை நூலாக எழுதினார். டென்னிஸ் வீரர்களின் ராக்கெட் பிடிக்கும் கை எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பதும், எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்கள் எலும்பை இழந்து திரும்புவதும் இந்த விதியால்தான்.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் காடிக்குள் அம்மா வெகுநேரம் பேசவில்லை. சாலையின் இருபுறமும் செம்பனை. திடீரென்று, "அப்ப எலும்பும் பட்டை மாதிரிதானாய்யா?" என்றார்.

இத்தனையையும் அவர் நான்கு சொல்லில் சொல்லிவிட்டார். மலாயாவின் ரப்பர் கதையே பேராக்கில், கோல கங்சாரில் 1877-ல் நட்ட ஒன்பது கன்றுகளோடு வேர்விட்டதுதான். அந்த மரம் நூறாண்டுக்கு மேல் நம்மவர்களுக்குச் சோறு போட்டதற்குக் காரணம், வெட்டிய பட்டை மறுபடி வளர்வது. நல்ல வெட்டுக்காரர் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் பட்டையைச் சீவுவார். கட்டைக்கு மேலே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைப்பார். அந்தப் படலம்தான் புதுப் பட்டையைக் கட்டுவது. அது பிழைத்திருந்தால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் மறுபடி கத்தி வைக்கலாம். கத்தி ஆழமாகப் போய்க் கட்டை தெரிந்துவிட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும், பிறகு அங்கே கோடு போட முடியாது. மரத்தைக் காயப்படுத்தியவர் அன்றைக்குக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மரத்தின் பட்டைக்குக் காட்டிய அந்தப் பக்குவத்தை, அதை வெட்டியவர்களின் தாடைக்கு யாரும் காட்டவில்லை.

பல்லுக்காகவே வாழும் எலும்பு

தாடையில் இரண்டு வகை எலும்பு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அடியில் இருப்பது தாடையின் உடல். அதன் மேல், பல் வேர்களைச் சுற்றிக் குழிகளாக எழும்பி நிற்பது பல்குழி எலும்பு. இந்த இரண்டாவது எலும்பு பல்லோடு முளைத்து, பல்லோடு வாழ்ந்து, பல்லோடு போகிறது.

பல் வேர் எலும்பில் நேராக ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் இடுக்கு. அதாவது, இரண்டு மூன்று தலைமுடியின் தடிமன். அந்த இடுக்கில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லைத் தொட்டில் போலத் தொங்கவிட்டிருக்கின்றன. நாம் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது பல் கீழே அமுங்குகிறது, நார்கள் எலும்பைச் சுண்டி இழுக்கின்றன. அந்த இழுப்புதான் எலும்புக்கு வரும் சேதி: உனக்கு வேலை இருக்கிறது, உறுதியாக இரு.

பல்லைப் பிடுங்கியதும் சேதி நின்றுவிடுகிறது. குழியில் முதலில் இரத்தம் உறையும். சில வாரங்களில் இளம் எலும்பு அதை நிரப்பத் தொடங்கும். குழி மூடிவிட்டது, புண் ஆறிவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். உள்ளே வேறொன்று நடக்கிறது. குழியின் சுவர்கள் கரைகின்றன. கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய இடங்களை ஓராண்டு அளந்து 2003-ல் வெளியான ஆய்வொன்றில், 12 மில்லிமீட்டர் அகலம் இருந்த தாடை மேடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டராகக் குறுகியிருந்தது. பாதி போய்விட்டது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்தது.

பல்செட் போட்டால் எலும்புக்கு மறுபடி வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைப்பது வேறு வகை வேலை. பல் எலும்பை உள்ளிருந்து இழுக்கிறது. செட் மேலிருந்து அழுத்துகிறது. ஈறின் மேல் விழும் அழுத்தம் எலும்பைக் காப்பதில்லை, கரைக்கிறது. முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, கரைவது நிற்பதே இல்லை என்றும், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இழக்கிறது என்றும் காட்டியது. கீழ்த்தாடையில் செட் உட்காரும் பரப்பு சிறிது. அதே கடி சிறிய பரப்பில் விழுகிறது. அம்மாவின் மேல்செட் நின்று கீழ்செட் ஆடுவதன் காரணம் இதுதான்.

புந்தோங் கச்சான் பூத்தேவுக்குப் பெயர்போன இடம். வறுத்த கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் மணக்கும் அந்தத் தெருவில் அம்மா ஒரு பொட்டலம் வாங்குவார். வீட்டுக்கு வந்து பேரனிடம் கொடுத்துவிட்டு, ஓமப்பொடியை மட்டும் எடுத்துத் தேநீரில் ஊறவைத்துக்கொள்வார். எலும்பு கரைந்ததை எக்ஸ்ரேயில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தேநீர்க் கோப்பையிலும் பார்க்கலாம்.

கம்பியில் நடக்கும் அதே வேலை

கரைத்துக் கட்டும் இந்த இயல்பு நமக்கு எதிரி இல்லை. பல்லுக்குக் கம்பி கட்டுவது முழுக்க அதை நம்பித்தான் நடக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கம் எலும்பு அரிபடுகிறது. இழுபடும் பக்கம் புது எலும்பு கட்டப்படுகிறது. பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போகவில்லை, எலும்பே விலகி வழிவிடுகிறது. அதனால்தான் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகர்கிறது, சிகிச்சை ஓராண்டு ஈராண்டு பிடிக்கிறது. ஒரு பல்லைச் சாய்க்கத் தேவையான விசை 35 முதல் 60 கிராம். ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை. அதைவிடப் பலமாக இழுத்தால் வேகமாக நகரும் என்று நினைப்பது தவறு. நாருக்குப் போகும் இரத்தம் தடைபட்டு அந்த இடம் செத்துப்போகும், நகர்வு நின்றுவிடும், வேரும் கரையலாம். கத்தி ஆழமாகப் போன மரத்தின் கதைதான்.

இந்த அறிவில்லாதவர் கையில் இளம் பிள்ளைகள் வாயைக் கொடுப்பது நம் நாட்டில் நடந்திருக்கிறது, நடக்கிறது. அழகுக்காக மலிவு விலையில் 'போலி பிரேசஸ்' கட்டிவிட்ட ஒருவருக்கு மலாக்கா நீதிமன்றம் 2017-ல் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. யூடியூப் பார்த்துப் பழகிய தொழில் என்று அப்போது பத்திரிகைகளில் படித்தோம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2018-ல் புதிய பல் மருத்துவச் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் கடையை மூடும். கரைந்த வேரை அது திருப்பித் தராது. தனியார் கிளினிக்கில் கேட்கும் பல ஆயிரம் வெள்ளியைப் பார்த்து மலைத்து, கைப்பேசியில் வரும் விளம்பரத்தை நம்பும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டும். கம்பி கழற்றிய பிறகு போடச் சொல்லும் 'ரிட்டெய்னரை' அலமாரியில் போட்டுவைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டுவரை ஆகும். அதற்குள் விட்டுவிட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும்.

இனிப்பு நீரும் எலும்பும்

இனி நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தையும்விட அதிகம். நம்மில் மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனிப்பு நீருக்குக் காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், சிறுநீரகத்தைப் பார்க்கிறோம். வாயைப் பார்ப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் எலும்பு கட்டும் அணுக்கள் சோர்கின்றன. ஈறில் அழற்சி கூடுகிறது. அந்த அழற்சி எலும்பு அரிக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. கட்டுபவர் குறைந்து இடிப்பவர் கூடினால் என்ன ஆகும்? பல்லில் சொத்தையே இல்லாமல், வலியே இல்லாமல், பல்லைச் சுற்றிய எலும்பு கீழே இறங்கும். ஒருநாள் பல் ஆடும். பிடுங்கச் சொல்லிப் போய் நிற்போம்.

ஈறு நோய் நம் நாட்டில் அரிய நோயும் இல்லை. 2010-ஆம் ஆண்டு நடந்த தேசிய வாய்நல ஆய்வில், பல் உள்ள பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகையில் ஈறு பாதிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது எலும்புவரை போயிருந்தது. இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஈறைச் சுத்தம் செய்து நோயை அடக்கினால் இனிப்பு நீர் உள்ளவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 0.4 புள்ளி அளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈறைப் பார்த்தால் சர்க்கரைக்கு நல்லது, சர்க்கரையைப் பார்த்தால் எலும்புக்கு நல்லது.

புகைப்பவர்களுக்கு ஈறுக்குப் போகும் இரத்தம் குறைந்து எலும்பு ஆறுவது தாமதமாகும். வெற்றிலை பாக்கு இன்னும் பெரிய பேச்சு. தோட்டத்தில் நம் பெண்கள் களைப்புக்கும் பசிக்கும் அதை அடக்கிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004-ல் உறுதிசெய்துவிட்டது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. அந்த நோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தால் தாடை எலும்பின் இரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகும். அதன் பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். ஆகவே கெட்ட பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே பார்த்து முடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் வயதானவர்கள் உள்ளோர் குறித்துக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் அரிக்கும் அணுக்களை அடக்கி வேலை செய்கின்றன. இடுப்பெலும்பைக் காக்கும் நல்ல மருந்துகள் அவை. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் பழையதை அகற்றினால்தான் புதியது வரும் என்பதால், மிகச் சிலருக்கு அங்கே எலும்பு ஆறாமல் வெளியே தெரிய நின்றுவிடுகிறது. மாத்திரையாகப் போடுபவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாக ஏற்றுபவர்களுக்குக் கூடுதல். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். அது போதும்.

எலும்பு ஒட்டிக்கொண்ட டைட்டானியம்

ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானமார்க் 1952-ல் முயல் காலெலும்புக்குள் டைட்டானியக் கருவி பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்றப் போனபோது கழற்ற முடியவில்லை. எலும்பு அதைத் தன் உறவாக ஏற்று, இறுகப் பிடித்து வளர்ந்திருந்தது. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பொருத்தினார். இன்று 'இம்பிளாண்ட்' என்று விளம்பரப் பலகைகளில் பார்ப்பது அதைத்தான். பொருத்திய பின் எலும்பு பிடித்துக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு, முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட் பதித்து அதன் மேல் செட்டைப் பொத்தான்போல மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மொன்றியலில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள்.

அம்மாவுக்கும் அந்த வழிதான் மிச்சம் என்றார் மருத்துவர். பின்பக்கம் எலும்பில்லை, முன்பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 10-ஐத் தாண்டியிருந்தது. "மொதல்ல இது எறங்கட்டும் பாட்டி. இப்ப வெச்சா எலும்பு புடிக்காது" என்றார். அம்மா முகம் வாடவில்லை. "எல உதிர்ற மாசத்துல மரத்துக்கு ஓய்வு குடுப்போம்ல, அந்த மாதிரி" என்று எழுந்தார்.

செய்ய வேண்டியவை

மருத்துவம் வளர்ந்திருக்கிறது. அது பழைய தோட்டத்து வயோதிகர்களைத் தேடி வரவில்லை. அரசாங்கமும் சமூகமும் செய்யக்கூடிய மூன்றை இங்கே வைக்கிறேன்.

ஒன்று: சுகாதாரக் கிளினிக்குகளில் இனிப்பு நீருக்குப் பதிந்துள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொருமுறை ஈறு பரிசோதனை கட்டாயமாக வேண்டும். காலுக்கும் கண்ணுக்கும் தேதி கொடுக்கும் அட்டையிலேயே வாய்க்கும் ஒரு தேதி இருக்கட்டும். பெரும்பாலும் இரண்டு கிளினிக்கும் ஒரே வளாகத்தில் அல்லது கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

இரண்டு: பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம். தோட்டம் போய், லயம் போய், செம்பனைக்கு நடுவே பள்ளி மட்டும் நிற்கும் இடங்கள் பல. பிள்ளைகளின் பல்லைப் பார்க்கப் பல் மருத்துவக் குழுக்கள் அங்கே போகின்றன. அந்த நாளிலேயே தாத்தா பாட்டிகளையும் வரச்சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நாற்காலி போடும், வேன் அனுப்பும். பேரன் வாய் திறக்கும் அதே இடத்தில் பாட்டியும் வாய் திறக்கட்டும். தமிழில் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மூன்று: பல்லில்லாத, வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட் என்பதைச் சொகுசாக எண்ணாமல் உதவித்தொகைக்கு உரிய சிகிச்சையாக ஏற்க வேண்டும். மெல்ல முடியாதவர் காயும் கீரையும் கடலையும் ஒதுக்குகிறார். கஞ்சியிலும் ஊறிய ரொட்டியிலும் நாளை ஓட்டுகிறார். இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்த உணவே நஞ்சு. நாட்டின் ஏற்றுமதிக்குப் பால் வெட்டியவர்களுக்கு ஒரு முறுக்கைக் கடிக்கும் உரிமையாவது மிஞ்ச வேண்டும்.

நம் கையில் உள்ளதும் உண்டு. பல் ஆடினால் அது வயதின் கணக்கென்று விட்டுவிடாதீர்கள், எலும்பின் அழைப்பென்று எடுத்துக்கொள்ளுங்கள். வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடியுமா, ஈறு சிகிச்சையில் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த இடத்தில் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிடுங்குமுன்பே பேசி முடிவெடுங்கள். பிடுங்கிய நாளில் குழியில் உறைந்த இரத்தத்தைக் கொப்பளித்து வெளியேற்றாதீர்கள், புகைக்காதீர்கள். புது எலும்புக்கு அதுதான் அஸ்திவாரம்.

அம்மாவின் சர்க்கரை எட்டு மாதத்தில் 7.4-க்கு வந்திருக்கிறது. நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைத்திருக்கிறது. கீழ்செட் இன்னும் மங்கில்தான் ஊறுகிறது. போன வாரம் எங்கள் தாமானில் எதிர்வீட்டு அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா அவரை நிறுத்தினார்.

"போ, ஆனா புடுங்கச் சொல்லாத. காப்பாத்த முடியுமான்னு மொதல்ல கேளு."